ஏஏயூ ஸ்தாபக உறுப்பினர்கள் 14 பேர்: யார், எதற்காகக் கூடினார்கள், உங்கள் விண்ணப்பத்துக்கு அது உதவுமா

கேள்வி இது: "அமெரிக்காவில் எம்.எஸ்., பிஎச்.டி. படிக்கப் பல்கலைக்கழகம் தேடிக்கொண்டிருக்கிறேன். சில பல்கலைக்கழகங்கள் தங்களை 'ஏஏயூ ஸ்தாபக உறுப்பினர்' என்று அறிமுகம் செய்துகொள்கின்றன. அந்த ஸ்தாபக உறுப்பினர்கள் யார் யார்? எல்லோரும் இன்னும் அதில் இருக்கிறார்களா? எங்கெங்கே விண்ணப்பிப்பது என்று முடிவு செய்யும்போது இதைக் கணக்கில் எடுக்கலாமா?"

நேரான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏஏயூ என்பது அசோசியேஷன் ஆஃப் அமெரிக்கன் யுனிவர்சிட்டீஸ் என்ற சங்கத்தின் சுருக்கம். 1900 பிப்ரவரி 27, 28 ஆகிய இரண்டு நாட்கள் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்த கூட்டத்தில் பிறந்தது. ஸ்தாபக உறுப்பினர்கள் 14. அவர்களில் 12 பேர் இன்றும் இருக்கிறார்கள், 2 பேர் விலகிவிட்டார்கள். விண்ணப்பிக்கும் இடத்தை முடிவு செய்ய இந்த அடையாளம் போதாது. எது போதும் என்பதைப் பின்னால் விவரமாகச் சொல்கிறேன். ஆனாலும் இந்த 14 பேரின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்க பிஎச்.டி.க்கு வெளிநாட்டில் மதிப்பே இல்லாமல் இருந்த காலத்தில் அதைச் சரிசெய்யக் கூடியவர்கள் இவர்கள். நீங்கள் வாங்கப்போகும் பட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு.

சொல்லைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தமிழில் சிலர் 'நிறுவன உறுப்பினர்' என்று எழுதுகிறார்கள். அது நிறுவிய உறுப்பினரா, தனிநபராக இல்லாமல் நிறுவனமாகச் சேர்ந்த உறுப்பினரா என்று புரியாது. சந்தா கட்டினால் எந்தக் கல்லூரியும் நிறுவனமாகச் சேரக்கூடிய சங்கங்கள் ஏராளம். அதனால் இங்கே ஸ்தாபக உறுப்பினர் என்றே எழுதுகிறேன்.

இனி பெயர்கள். கிழக்குப் பக்கம் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா, பென்சில்வேனியா, கார்னெல், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், கிளார்க், அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் என்று 9. நடுமேற்கில் சிகாகோ, மிச்சிகன், விஸ்கான்சின் என்று 3. மேற்குக் கரையில் கலிபோர்னியாவும் ஸ்டான்ஃபோர்டும். இந்த 14இல் மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள் கலிபோர்னியா, மிச்சிகன், விஸ்கான்சின் ஆகிய மூன்றுதான். கார்னெல் தனியார் பல்கலைக்கழகம், ஆனால் நியூயார்க் மாநிலத்துக்கான நிலக்கொடைக் கல்வி நிறுவனமும் (மத்திய அரசு தந்த நிலத்தின் பணத்தில் நடக்கும் நிறுவனம்) அதுவே. பழைய தென் மாநிலங்களுக்குள் இருந்து ஒன்றுகூட இல்லை. 1904இல் வர்ஜீனியா சேர்ந்தபோதுதான் அந்தக் குறை தீரத் தொடங்கியது.

பட்டியலைப் பார்த்ததும் "எம்ஐடி எங்கே?" என்று கேட்கத் தோன்றும். எம்ஐடியும் கால்டெக்கும் 1934இல்தான் வந்தன. ஐவி லீக் என்று சொல்லப்படும் எட்டில் ஆறு ஸ்தாபகர்கள், பிரவுன் 1933இலும் டார்ட்மத் 2019இலும் சேர்ந்தன. ஐவி லீக் என்பதே விளையாட்டுப் போட்டிகளுக்காக ஏற்பட்ட கூட்டு, ஆராய்ச்சிக்கும் அதற்கும் நேர்த் தொடர்பு கிடையாது. ஏஏயூவோ ஆராய்ச்சிப் பட்டம் என்ற ஒரே விஷயத்துக்காக ஏற்பட்டது. இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் நிறையப் பேர்.

ஏன் இந்த 14? அன்று முனைவர் பட்டம் தந்துகொண்டிருந்த முக்கியமான இடங்கள் இவை. அமெரிக்க மண்ணில் முதல் பிஎச்.டி. பட்டங்களை யேல் 1861இல் மூன்று பேருக்குக் கொடுத்தது. 1876இல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் திறக்கப்பட்டபோது ஆராய்ச்சியை மையமாக வைத்த ஜெர்மன் முறை வேர்விட்டது. அதற்குப் பிறகு பிஎச்.டி. என்ற எழுத்துகளுக்குக் கிராக்கி ஏறிவிட்டது. ஆராய்ச்சி நடத்த ஆளும் நூலகமும் இல்லாத சிறு கல்லூரிகள்கூட அந்தப் பட்டத்தைத் தந்தன. பல கல்லூரிகள் கௌரவப் பட்டமாகவே பிஎச்.டி.யை வழங்கின. ஹாப்கின்ஸில் மூன்று நான்கு வருடம் உழைத்து ஆய்வேடு எழுதியவருக்கும், ஏதோ ஊரில் மேடையேறி வாங்கியவருக்கும் பெயருக்குப் பின்னால் அதே எழுத்துகள். கெட்டிக்கார மாணவர்கள் கப்பலேறி பெர்லினுக்கும் லைப்சிக்குக்கும் போனார்கள். அங்கே அமெரிக்கப் பட்டங்களில் எது நல்லது, எது போலி என்று பிரித்தறிய வழி இல்லை.

உள்நாட்டில் இன்னொரு சிக்கல் இருந்தது. ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் படித்த ஆராய்ச்சி மாணவர் இன்னொன்றுக்கு மாற நினைத்தால், படித்த காலத்தை எவ்வளவு ஏற்றுக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது. நுழைவுத் தகுதியும் பட்ட விதிகளும் ஊருக்கு ஊர் வேறு. இதைப் பெரிய பிரச்சினையாக எழுப்பியவர்கள் மாணவர்கள். பட்டமேற்படிப்பு மாணவர் மன்றங்களின் கூட்டமைப்பு அந்த இடமாற்ற உரிமையைக் கேட்டு வந்தது.

1900 ஜனவரியில் ஐந்து பல்கலைக்கழகத் தலைவர்கள் சேர்ந்து ஓர் அழைப்புக் கடிதம் அனுப்பினார்கள். ஹார்வர்டின் சார்ல்ஸ் எலியட், கொலம்பியாவின் சேத் லோ, ஜான்ஸ் ஹாப்கின்ஸின் டேனியல் கோயிட் கில்மன், சிகாகோவின் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், கலிபோர்னியாவின் பெஞ்சமின் ஐட் வீலர். இதில் கில்மன் ஹாப்கின்ஸுக்கு வருவதற்கு முன் கலிபோர்னியாவின் தலைவராக இருந்தவர், வீலர் ஹைடல்பெர்க்கில் முனைவர் பட்டம் வாங்கியவர். அதனால் இரண்டு கரைகளின் நிலையும் ஜெர்மனியின் நிலையும் அந்த ஐவருக்குள்ளேயே தெரிந்திருந்தது. கடிதம் மூன்று நோக்கங்களைச் சொன்னது. உயர் பட்டங்களுக்கான விதிகளை ஒரு சீராக்கி மாணவர் இடமாற்றச் சிக்கலைத் தீர்ப்பது, அமெரிக்க முனைவர் பட்டத்தின் மீது வெளிநாட்டார் வைத்திருக்கும் கருத்தை உயர்த்துவது, உள்நாட்டில் பலவீனமான நிறுவனங்களின் தரத்தை மேலே கொண்டுவருவது. "நாங்கள்தான் சிறந்தவர்கள்" என்று அறிவிக்கும் வாசகம் எதுவும் இந்த மூன்றிலும் இல்லை. ஸ்தாபக உறுப்பினர் என்ற அடையாளத்தை இன்று தரப்பட்டியல் மாதிரி வாசிப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பட்டத்துக்கு ஒரே அளவுகோல் வேண்டும் என்று கேட்டு உட்கார்ந்தவர்களின் வருகைப் பதிவுதான் அந்தப் பட்டியல்.

14 பேரும் ஒரே நிலையில் இருந்தார்கள் என்றும் நினைக்க வேண்டாம். பிரின்ஸ்டன் அந்தப் பெயரையே 1896இல்தான் எடுத்துக்கொண்டது, அதுவரை நியூ ஜெர்சி கல்லூரி. அதன் பட்டமேற்படிப்புப் பள்ளி முறையாக ஏற்பட்டது 1900இல், அதாவது சங்கம் பிறந்த அதே ஆண்டில். ஸ்டான்ஃபோர்ட் 1891இலும் சிகாகோ 1892இலும் வகுப்பு தொடங்கியவை. அவை 1900இல் பத்து வயதுகூட நிரம்பாத பிள்ளைகள். ஹார்வர்டோ 1636இல் பிறந்தது. வயதையும் செல்வத்தையும் பார்க்காமல் முனைவர் பட்டத்தை எவ்வளவு கவனமாகத் தருகிறார்கள் என்று பார்த்தே அழைத்திருக்கிறார்கள்.

கிளார்க்கைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். இன்று அந்தப் பெயரைக் கேட்டால் நம் மாணவர்கள் பலர் "அது எங்கே?" என்பார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வொர்செஸ்டர் என்ற ஊரில், ஜோனாஸ் கில்மன் கிளார்க் என்ற வணிகரின் பணத்தில் 1889இல் திறக்கப்பட்டது. இளங்கலையே கிடையாது, முழுக்க முழுக்க ஆராய்ச்சி மாணவர்கள். தலைவர் உளவியலாளர் ஸ்டான்லி ஹால். அமெரிக்க உளவியல் சங்கம் 1892இல் அங்கேதான் தொடங்கப்பட்டது. ஒளியின் வேகத்தை அளந்த ஆல்பர்ட் மைக்கெல்சன் அங்கே இயற்பியல் பேராசிரியர். ஆனால் பணம் கொடுத்தவருக்கு உள்ளூர்ப் பையன்கள் படிக்க ஓர் இளங்கலைக் கல்லூரி வேண்டும், ஹாலுக்கு ஆராய்ச்சி மட்டும் போதும். இந்த இழுபறியில் பணம் வறண்டது, ஆசிரியர்கள் மனம் கசந்தார்கள். 1892இல் சிகாகோவின் ஹார்ப்பர் வொர்செஸ்டருக்கே வந்து, ராக்ஃபெல்லர் பணத்தின் பலத்தில் ஆசிரியர்களில் பெரும்பகுதியைச் சிகாகோவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மைக்கெல்சனும் போனார். எட்டு ஆண்டுகள் கழித்து அதே ஹார்ப்பர் கையெழுத்திட்ட கடிதம் கிளார்க்குக்கு வருகிறது, அவர் பல்கலைக்கழகத்திலேயே கூட்டம், கிளார்க்கும் ஸ்தாபக உறுப்பினர் ஆகிறது. ஆளெல்லாம் போன பிறகும் அந்த இடத்துக்கு அழைப்பு வந்ததென்றால், அங்கே கொடுத்த பிஎச்.டி.யின் மீது மற்றவர்களுக்கு எவ்வளவு மரியாதை இருந்திருக்கும் என்று பாருங்கள்.

அந்த மரியாதை பொய்க்கவில்லை. 1909இல் சிக்மண்ட் ஃப்ராய்ட் அமெரிக்காவில் உரையாற்றியது கிளார்க்கின் இருபதாம் ஆண்டு விழாவில். 1920இல் பிரான்சிஸ் சம்னர் அங்கே பட்டம் பெற்று, உளவியலில் பிஎச்.டி. வாங்கிய முதல் கறுப்பின அமெரிக்கர் ஆனார். 1926இல் திரவ எரிபொருள் ராக்கெட்டை முதன்முதலில் பறக்கவிட்ட ராபர்ட் கோடார்ட் கிளார்க்கில் 1911இல் முனைவர் பட்டம் பெற்று அங்கேயே பேராசிரியராக இருந்தவர். இன்றும் புவியியலில் மேற்படிப்பு படிப்பவர்கள் 1921இல் தொடங்கிய அதன் புவியியல் பள்ளியை மதிக்கிறார்கள். அப்படிப்பட்ட கிளார்க் 1999இல் ஏஏயூவை விட்டு விலகியது. கத்தோலிக்கப் பல்கலைக்கழகமும் முதலில் மேற்படிப்புக்காகவே 1889இல் வாஷிங்டனில் திறக்கப்பட்டது, இளங்கலை மாணவர்களை 1904இல்தான் சேர்த்தது. அது 2002இல் விலகியது. சங்கத்தின் அளவுகோல்கள் பெரிய ஆய்வகங்களின் பக்கம் நகர்ந்துவிட்ட காலத்தில், சிறிய பல்கலைக்கழகங்கள் அதில் நிற்பது கடினம். விலகியதால் இவற்றின் அங்கீகாரத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. ஏஏயூ அங்கீகாரம் தரும் அமைப்பே இல்லை.

இந்த இடத்தில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள், அதற்கு வரலாற்றிலேயே காரணம் உண்டு. ஒரு காலத்தில் ஏஏயூ உண்மையிலேயே அங்கீகாரம் மாதிரி ஒன்றைச் செய்தது. சங்கம் தொடங்கிச் சில வருடங்களில் ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் ஏஏயூ உறுப்பினராக இருப்பதையே அளவுகோலாக எடுத்துக்கொள்ளத் தொடங்கின. அதனால் ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ் மாதிரி அருமையான இளங்கலைக் கல்லூரிகளின் மாணவர்கள் அடிபட்டார்கள். பிஎச்.டி. தராத கல்லூரி ஏஏயூவில் சேரவே முடியாதே! இதைச் சரிசெய்ய எந்தக் கல்லூரியின் பி.ஏ. நல்லது என்று ஒரு பட்டியல் வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. அமெரிக்க அரசின் கல்விப் பிரிவில் உயர்கல்வி நிபுணராக இருந்த கெண்ட்ரிக் பாப்காக் 1911இல் 344 கல்லூரிகளை நான்கு வகுப்பாகப் பிரித்தார். அவர் பார்த்தது கட்டடத்தையோ நன்கொடையையோ இல்லை. ஒரு கல்லூரியில் பி.ஏ. முடித்தவர் நல்ல பல்கலைக்கழகத்தில் ஒரே வருடத்தில் எம்.ஏ. முடிக்கிறாரா, கூடுதல் பாடம் தேவைப்படுகிறதா, ஒரு வருடம் பின்தங்கியிருக்கிறாரா, இரண்டு வருடமா என்று மேற்படிப்புப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தார். மாணவர் பிறகு எப்படிப் படிக்கிறார் என்பதை வைத்துக் கல்லூரியை எடைபோடும் இந்த முறை எனக்கு இன்றும் நேர்மையான முறையாகவே தெரிகிறது. பட்டியல் வெளியே கசிந்ததும் கீழ்வகுப்பில் விழுந்த கல்லூரிகள் கொதித்தன. அதிபர் டாஃப்ட் அதை வெளியிடக்கூடாது என்று நிறுத்தினார், அடுத்து வந்த உட்ரோ வில்சனும் அனுமதிக்கவில்லை. அரசு கைவிட்ட வேலையை ஏஏயூ எடுத்துக்கொண்டது. 1914 தொடங்கி 1948 வரை ஏற்கத்தக்க கல்லூரிகளின் பட்டியலை அது பராமரித்தது. 1948இல் நிறுத்திவிட்டது.

ஆகவே பழைய கல்லூரி ஒன்று "ஏஏயூ பட்டியலில் இடம்பெற்றது" என்று எழுதினால், அது அந்தப் பழைய ஏற்புப் பட்டியலாக இருக்கலாம், உறுப்பினர் என்று பொருளாகாது. இன்று ஒரு நிறுவனம் "ஏஏயூ அங்கீகாரம் பெற்றது" என்று விளம்பரம் செய்தால் அது தவறான தகவல், அங்கேயே நின்றுவிடுங்கள்.

அடுத்து வளாகக் குழப்பம். 1900இல் சேர்ந்தது "கலிபோர்னியா பல்கலைக்கழகம்". அன்றைக்கு அது பெர்க்லிதான், அதனால் 1900 என்ற ஆண்டு பெர்க்லிக்கு உரியது. யுசிஎல்ஏ 1974, சான் டியாகோ 1982, சான்டா பார்பரா 1995, டேவிஸும் அர்வைனும் 1996, சான்டா குரூஸ் 2019, ரிவர்சைட் 2023 என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்தன. மெர்செட் உறுப்பினர் இல்லை. மிச்சிகன் என்றால் ஆன் ஆர்பர் வளாகம், டியர்போர்னும் ஃபிளின்ட்டும் அதில் சேராது. விஸ்கான்சின் என்றால் மேடிசன், மில்வாக்கி சேராது. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் ஃபிலடெல்ஃபியாவில் இருக்கும் தனியார் நிறுவனம், ஸ்தாபகர். பென் ஸ்டேட் வேறு, அது 1958இல் வந்தது. வாஷிங்டன் என்ற பெயரில் மூன்று உறுப்பினர்கள். செயின்ட் லூயிஸில் இருப்பது 1923, சியாட்டிலில் இருப்பது 1950, தலைநகரில் இருக்கும் ஜார்ஜ் வாஷிங்டன் 2023. மயாமி என்றால் ஃப்ளோரிடாவில் இருப்பதுதான் உறுப்பினர், ஒஹாயோவில் இருக்கும் மயாமி யுனிவர்சிட்டி இல்லை. இந்த அளவுக்குப் பெயர்கள் ஒன்றோடொன்று உரசும்போது, சேர்க்கைக் கடிதத்தில் ஊரின் பெயரைப் பார்க்காமல் கட்டணம் கட்டக்கூடாது.

அமைப்புகளின் சுருக்கப் பெயர்களும் அதே மாதிரிதான். ஏஏயூபி என்பது 1915இல் தொடங்கிய பேராசிரியர்களின் சங்கம், கல்வி சுதந்திரத்துக்காகக் குரல் கொடுப்பது. ஏபிஎல்யூ என்பது 1887இல் வேர்கொண்ட, அரசு மற்றும் நிலக்கொடைப் பல்கலைக்கழகங்களின் சங்கம், வயதில் ஏஏயூவுக்கு மூத்தது. ஏசிஇ என்ற அமெரிக்கக் கல்வி மன்றம் 1918இல் ஏற்பட்டது, ஏறக்குறைய எல்லா வகைக் கல்லூரிகளுக்கும் உரியது. வணிகப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் ஏஏசிஎஸ்பியை 1916இல் 17 நிறுவனங்கள் தொடங்கின, அதற்கும் ஒரு ஸ்தாபகப் பட்டியல் இருக்கிறது. நம் ஊர் ஏஐயூ முற்றிலும் வேறு, அது 1925இல் இன்டர்-யுனிவர்சிட்டி போர்டாகத் தொடங்கி 1973இல் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. "ஒரு தேசிய சங்கத்தின் ஸ்தாபக உறுப்பினர்" என்று மட்டும் ஒரு கல்லூரி எழுதியிருந்தால், எந்தச் சங்கம், எந்த ஆண்டு, சேரத் தகுதி பார்த்தார்களா அல்லது சந்தா மட்டும் போதுமா, இன்னும் இருக்கிறார்களா என்று நான்கையும் கேட்க வேண்டும். முதல் வருடம் முழுக்கச் சேர்ந்தவர்களையெல்லாம் ஸ்தாபகர் என்று எழுதிக்கொள்ளும் வழக்கம் சில சங்கங்களில் உண்டு.

ஏஏயூவில் இன்று எப்படிச் சேர்கிறார்கள் என்று பார்த்தால் அடையாளத்தின் பொருள் இன்னும் தெளிவாகும். விண்ணப்பித்துச் சேர முடியாது. சங்கமே அழைக்க வேண்டும், அதற்கு இப்போதைய உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். முதல் சுற்றில் போட்டியிட்டு வென்ற மத்திய அரசு ஆராய்ச்சி நிதி, தேசிய அகாதெமிகளில் இடம்பெற்ற ஆசிரியர்கள், ஆசிரியர்களின் விருதுகள், ஆய்வுகள் மேற்கோள் காட்டப்படும் அளவு ஆகியவற்றைப் பார்ப்பார்கள், ஆசிரியர் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒப்பிட்டும் பார்ப்பார்கள். மாநில அரசு, வேளாண்மைத் துறை, தொழில் நிறுவனங்கள் தரும் நிதி இரண்டாம் சுற்றில்தான் வரும். நெப்ராஸ்கா இதில்தான் அடிபட்டது. 1909 முதல் உறுப்பினராக இருந்த அதை 2011இல் மற்ற உறுப்பினர்கள் வாக்களித்து வெளியேற்றினார்கள். அதன் மருத்துவ மையம் ஒமாஹாவில் தனி நிர்வாகமாக இருந்ததால் அந்த ஆராய்ச்சிப் பணம் லிங்கன் வளாகத்தின் கணக்கில் வரவில்லை. அதன் பெரிய பலமான வேளாண் ஆராய்ச்சியின் நிதியில் பெரும்பகுதி போட்டி இல்லாமல் சூத்திரப்படி பிரித்துத் தரப்படுவது என்பதால் குறைவாகவே எடைபோடப்பட்டது. வெளியேறிய மறுநாள் அங்கே பயிர் ஆராய்ச்சி ஒன்றும் மோசமாகிவிடவில்லை. பயிரியலில் பிஎச்.டி. செய்யப்போகும் ஒருவர் இந்த அடையாளத்தை மட்டும் பார்த்து நெப்ராஸ்காவை ஒதுக்கினால் இழப்பு அவருக்குத்தான். சைராக்யூஸ் அதே ஆண்டில் தானாகவே விலகியது. 2023இல் ஆறு பேர் சேர்ந்த பிறகு மொத்தம் 71 உறுப்பினர்கள். அதில் இரண்டு கனடாவைச் சேர்ந்தவை, மெக்கில்லும் டொராண்டோவும், இரண்டும் 1926இல் சேர்ந்தன.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை வகைபிரிக்கும் கார்னகி வகைப்பாட்டில் ஆராய்ச்சியின் மேல்வகையான 'ஆர்1' இதிலிருந்து வேறுபட்டது. அங்கே அழைப்பும் வாக்கெடுப்பும் கிடையாது. 2025இல் வந்த விதிப்படி ஆண்டுக்கு 5 கோடி டாலர் ஆராய்ச்சிச் செலவும் 70 ஆராய்ச்சி முனைவர் பட்டங்களும் இருந்தால் அந்த வகையில் வந்துவிடும்.

சரி, விண்ணப்பிக்கும்போது எதைப் பார்ப்பது? முதலாவது, பல்கலைக்கழகம் முழுமைக்குமான அங்கீகாரம். அமெரிக்கக் கல்வித் துறையின் அங்கீகாரத் தரவுத்தளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரையும் ஊரையும் போட்டுத் தேடுங்கள். கிளார்க்குக்கு நியூ இங்கிலாந்து உயர்கல்வி ஆணையம், கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்கு மிடில் ஸ்டேட்ஸ் ஆணையம் என்று வரும். அங்கே வராத பெயரில் யாராவது அங்கீகாரம் காட்டினால் அது செல்லாது. அடுத்து, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் 'ஸ்டடி இன் த ஸ்டேட்ஸ்' தளத்தில் நீங்கள் படிக்கப்போகும் வளாகம் எஃப்-1 (மாணவர் விசா) மாணவர்களைச் சேர்க்க அனுமதி பெற்றிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பல்கலைக்கழகத்தின் எல்லா வளாகத்துக்கும் அனுமதி இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.

மூன்றாவதைப் பலர் வேலைக்குப் போன பிறகுதான் கவனிக்கிறார்கள். இப்போதைய விதிப்படி எச்-1பி என்ற வேலை விசாவில் அமெரிக்க முதுகலைப் பட்டதாரிகளுக்கென்று இருக்கும் 20,000 இடங்களில் போட்டியிட, பட்டம் தந்த நிறுவனம் அரசுடையதாகவோ இலாப நோக்கற்றதாகவோ இருக்க வேண்டும், அங்கீகாரமும் வேண்டும். இலாப நோக்குள்ள நிறுவனத்தின் எம்.எஸ். அந்த ஒதுக்கீட்டுக்கு உதவாது. படிப்பு முடிந்து 12 மாத வேலைப் பயிற்சிக்கு மேல் இன்னும் 24 மாதம் வேண்டுமென்றால், உங்கள் படிப்பின் குறியீட்டு எண் அறிவியல் தொழில்நுட்பப் பட்டியலில் இருக்க வேண்டும். விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் அந்த எண் அச்சாகி வரும். ஒரே பெயருள்ள படிப்பு இரண்டு பல்கலைக்கழகங்களில் இரண்டு வேறு எண்ணில் இருப்பதுண்டு. சேர்வதற்கு முன்பே துறை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டு அந்த எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பி ஆசிரியர் வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் வெளிநாட்டுப் பட்டம் இந்தியப் பட்டத்துக்கு நிகர் என்று சொல்லும் இணைத்தகுதிச் சான்று தேவைப்படும். நெடுங்காலம் ஏஐயூ செய்துவந்த இந்த வேலைக்கு 2025 ஏப்ரலில் யுஜிசி தனி விதிமுறை கொண்டுவந்தது. பட்டம் தந்த நிறுவனம் அதன் சொந்த நாட்டில் முறையாக அங்கீகரிக்கப்பட்டதா, சேர்க்கைத் தகுதி இங்கே கேட்பதற்கு நிகரானதா என்பன அதில் பார்க்கப்படும். ஏஏயூ உறுப்பினரா என்ற கேள்வி அதில் எங்கும் வராது. பாடத்திட்டம், மதிப்பெண் பட்டியல், சேர்க்கை விதி அச்சான கையேடு மூன்றையும் படிக்கும் காலத்திலேயே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். ஐந்து வருடம் கழித்துக் கேட்டால் பழைய பாடத்திட்டம் கிடைப்பது பெரும்பாடு.

தமிழ் ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் இந்த 14 ஓரளவு பயனுள்ள பட்டியல். பெர்க்லி, சிகாகோ, பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் எல்லாம் தமிழ் கற்பித்த மரபு உள்ள இடங்கள். சிகாகோவில் ஏ.கே. ராமானுஜன் பல காலம் கற்பித்தார். ஆனால் நீங்கள் போகும் ஆண்டில் அங்கே தமிழுக்கு ஆசிரியர் பணியில் இருக்கிறாரா என்று துறைக்கு எழுதிக் கேட்டுவிட்டே விண்ணப்பியுங்கள். மொழித் துறைகளில் ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த இடம் நிரம்பச் சில வருடம் ஆகலாம்.

கடைசியாக, 1900 கடிதத்தின் முதல் நோக்கத்திலிருந்து இன்று உங்கள் கைக்கு நேரே வந்து சேரும் ஒரு விஷயம். ஏஏயூவுக்குள் 1948இல் மேற்படிப்புப் பள்ளிகளுக்கென்று ஒரு தனி அமைப்பு ஏற்பட்டது. 1960களின் தொடக்கத்தில் கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் என்ற விரிந்த அமைப்பும் வந்தது. அதன் 'ஏப்ரல் 15 தீர்மானம்' மாணவர்களுக்குப் பெரிய பாதுகாப்பு. உதவித்தொகையோடு ஓர் இடம் உங்களுக்கு வந்தால், ஏப்ரல் 15க்கு முன் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று தீர்மானத்தில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகம் உங்களை நெருக்கக் கூடாது. மற்ற இடங்களின் பதில் வரும்வரை பொறுத்திருக்கலாம். இதில் மூன்று இடங்களில் தவறு நடக்கிறது. ஒன்று, இது உதவித்தொகைக்கு மட்டும் பொருந்தும், பணம் கட்டிப் படிக்கும் எம்.எஸ். சேர்க்கைக்குப் பொருந்தாது. அங்கே மார்ச் மாதமே முன்பணக் கெடு வைக்கலாம். இரண்டு, கையெழுத்திடாத பல்கலைக்கழகத்தை இது கட்டுப்படுத்தாது. மூன்று, சிலர் ஏப்ரல் 15 இரவு இந்திய நேரத்தைக் கணக்குப் பார்த்துத் தடுமாறுகிறார்கள், ஒரு நாள் முன்பே பதிலை அனுப்பிவிடுங்கள். உதவித்தொகைக் கடிதம் கைக்கு வந்ததும் அதில் இந்தத் தீர்மானத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கவுன்சிலின் தளத்தில் கையெழுத்திட்டவர்களின் பட்டியல் இருக்கிறது, அதில் உங்கள் பல்கலைக்கழகத்தைத் தேடிப் பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.